பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு ஓட்ஸ் பிஸ்கட்

இன்னைக்கு எங்க பெரிய பொண்ணு ரோஸ்லினைப் பாக்க, பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்தாங்க.

காலையில இருந்து அடுப்படியிலதான் கெடந்தேன். சர்ச்சுல குடுத்த ஓட்ஸ், வெல்லப்பாகு, சந்தையில வாங்குன பொரி எல்லாத்தையும் பெசைஞ்சு, மணல் போட்ட சட்டிக்குள்ள தட்டை வெச்சு, மூடி மேல கங்கு அள்ளிப் போட்டு பிஸ்கட் சுட்டேன். மொறுமொறுன்னு வரும்னு பாத்தா, கடிச்சா சவ்வு மாதிரி இழுக்குது. மறுபடி சுட மாவும் இல்ல, ஒடம்புல தெம்பும் இல்ல.

"இதையா வெக்கப் போற? சம்பந்தமே போயிடும்"னாரு எங்க வூட்டுக்காரரு.

"போனா போவுது, நானாவது கொஞ்சம் உக்காருவேன்"னேன். சொன்னேனே தவிர, இருக்கறதுல நல்லதாப் பாத்து மேல அடுக்கித்தான் தட்டை நீட்டுனேன். நல்ல எடம்ங்க.

மாப்பிள்ளையோட அம்மாவுக்கு முன்பல்லு இல்ல. ஒண்ணு எடுத்து மென்னாங்க. இன்னொண்ணு எடுத்தாங்க.

"பிஸ்கட்டுன்னாலே எனக்குக் கடிக்க முடியாதுங்க. இது பதமா இருக்குது. பொண்ணு செஞ்சதுங்களா?"

பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட வேற என்னத்தச் சொல்றது. "ஆமாங்க, அவதான்"னேன். அடுப்பு பத்த வெக்கத் தெரியாதவ, தலையைக் குனிஞ்சு சிரிக்கிறா.

"அப்ப தை மாசமே வெச்சுக்கலாம். நீ வந்ததும் எனக்கு இதே பதத்துல சுட்டுக் குடு கண்ணு"ன்னு அவ கன்னத்தைத் தடவிட்டுப் போனாங்க.

அவங்க பஸ் ஏறினதும் ரோஸ்லின் கேக்கறா, "அதெப்படிம்மா செய்யறது?"

மொறுமொறுன்னு சுடத்தான் எனக்குத் தெரியும். கெட்டுப்போனதை அதே மாதிரி திரும்பக் கெடுக்கறது எப்படின்னு, உங்கள்ல யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.