சொல்தா மகன் பார்த்துக் கொடுத்த கத்தி

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி, ஒருவரின் கை கிழியக் காரணமானவன் நான்.

என் அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். நானோ வெறும் பள்ளி ஆசிரியன். குருசுக்குப்பம் மீனவர் அந்தோணி, கடையில் மலிவான ராணுவக் கத்தி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சொல்தா வூட்டுப் புள்ள நீங்க, பாத்து சொல்லுங்க வாத்தியாரே. கடல்ல தாங்குமா?"

கறுப்பு அலகையும் முத்திரையையும் பார்த்து, "தாராளமா" என்றேன்.

மறுவாரம் வலையை அறுக்கும்போது அலகு பிடியிலிருந்து கழன்று அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கத்தியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்ற உண்மையை மருத்துவமனையில் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தா வேற வாங்கியிருப்பேன்" என்றார்.

அந்தப் பிடிக்குள் இரும்பு இரண்டு விரற்கடைதான் இருந்தது. பிடியின் கடைசிவரை இரும்பு ஓடும் கத்தியை ஒரு கொல்லரிடம் செய்து வாங்கி அந்தோணியிடம் கொண்டுபோனேன். இனி எதையும் தெரியாமல் சொல்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தேன்.

"இத யாரு பாத்தது, நீங்களா?"

"கொல்லரு. எனக்கு இன்னும் தெரியாது."

அதன்பிறகே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.