கீழ்த்தளத்து மூக்கக்கா

கையை நீட்டி வண்டியை நிறுத்தியதும் மூக்கக்கா ஓட்டுபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போகிறார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, புகைக்குழாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, பால் கெட்டுவிட்டதா என்று பார்ப்பவர் போல ஒரே ஒரு முறை மூச்சை உள்ளே இழுக்கிறார். உடனே தீர்ப்பு.

"வயிறு சரியில்லை இதுக்கு. பெட்ரோலை மெல்லாம முழுங்குது."

அடுத்த வண்டி. "இது எண்ணெய் குடிக்குது. உங்க மெக்கானிக் உங்க தலையில நல்லா மிளகாய் அரைக்கிறான்."

அதற்கடுத்தது என்னுடையது. மூன்று பேர் ஓட்டி அலுத்துப்போய் என்னிடம் வந்து சேர்ந்த டீசல் வண்டி. குனியக்கூட மாட்டார். "சார், இது காரா, செங்கல் சூளையா?"

ஐந்து மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் நாற்பத்திரண்டு வண்டிகள் நிற்கலாம். யார் எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. முகர்ந்து பார்ப்பது அவராக எடுத்துக்கொண்டது. வயது ஐம்பத்து மூன்று. பதினோரு வருடமாக ஏழாம் எண் தூணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது; அதைப் படிக்க இதுவரை யாரும் மெனக்கெட்டதில்லை. மூக்கக்கா என்று யார் முதலில் கூப்பிட்டார்களோ தெரியாது. அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது. "ஆளுக்கு ஒரு உறுப்பு பேர் வாங்கித் தரும் சார். சில பேருக்கு நாக்கு. எனக்கு மூக்கு. தப்பிச்சேன்."

பெட்ரோலா டீசலா என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை அவர் இரண்டே வரியில் முடித்துவிடுவார். "டீசல் நெஞ்சுல வந்து உக்காரும். பெட்ரோல் தலைக்கு ஏறும். எது நல்லதுன்னு கேட்டா, எங்க அடி வாங்க உங்களுக்கு இஷ்டம்னு நான் திருப்பிக் கேப்பேன்."

வீட்டில் இது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கணவர் பேருந்துப் பணிமனையில் டீசல் மெக்கானிக். டீசலைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துச் சொன்னால் தன் அம்மாவைத் திட்டிவிட்ட மாதிரி அவருக்கு முகம் மாறும் என்கிறார் மூக்கக்கா. உண்மையில் அம்மாவைத் திட்டினால்கூட அவ்வளவு மாறாதாம். "டீசல் கம்மியாக் குடிக்கும், நெறைய உழைக்கும், கோபம் வந்தா கறுப்பாத் தெரிஞ்சிடும். மனசுல ஒண்ணும் வச்சுக்காது" என்பது கணவரின் கட்சி. "ஆமா, மனசுல வச்சுக்காம எல்லாத்தையும் உங்க சட்டையில வச்சிடுது. துவைக்கிறவளைக் கேளுங்க" என்பது மனைவியின் பதில். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடங்கள். சண்டை இன்னும் முதல் கியரைத் தாண்டவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் பல் டாக்டர் தலையிட்டார்.

நான்காவது மாடியில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர் அவர். கட்டடச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். அவரிடம் முப்பத்தைந்து வயதான ஒரு பெட்ரோல் கார் உண்டு. பாலாடை நிறம். மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது, ஏ.சி. மட்டும் இடையில் இவராகப் பொருத்திக்கொண்டது. நோயாளிகளின் பல்லைவிட அந்தக் காரின் கண்ணாடிகளைத்தான் அதிகம் தேய்ப்பார். அதன் மேல் எங்கள் டீசல் கரி படிவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆனால் அதை அப்படியே சொன்னால் தலைவருக்கு அழகில்லையே. நகரக் காற்று கெட்டுப்போவதைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை நகலெடுத்து, அதற்குக் கீழே ஓர் அறிவிப்பையும் ஒட்டினார். 'டீசல் வாகனங்களுக்குக் கீழ்த்தளத்தில் அனுமதி இல்லை. தூய காற்று நம் அனைவரின் உரிமை.'

பதினான்கு டீசல்காரர்கள் தெருவுக்கு வந்தோம். கட்டடத்தின் பக்கச் சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தினோம். அந்தச் சுவரில்தான் தரைத்தளத்துக் குழந்தைகள் காப்பகத்தின் ஜன்னல் இருக்கிறது. இரண்டே வாரத்தில் காப்பகத்து ஆயா ஒரு வெள்ளைத் துணியோடு மூன்றாவது மாடியில் நான் வேலை பார்க்கும் பதிப்பகத்துக்கு ஏறி வந்து, நான் பிழை திருத்திக்கொண்டிருந்த தாள்களின் மேல் அதை விரித்தார். கறுப்பாக இருந்தது. "ஜன்னல் விளிம்பைத் துடைச்சது இது. காலையில ஒரு தடவை துடைச்சாச்சு, இது மத்தியானத்துது. பிள்ளைங்க மூக்கை நீங்க வந்து துடைக்கிறீங்களா?" எழுத்துப் பிழை என்றால் திருத்தியிருப்பேன்.

மூக்கக்காவிடம் போய்ப் புலம்பினேன். "வீட்டுக் குப்பையைப் பெருக்கி அடுத்தவன் வாசல்ல தள்ளிட்டு, எங்க வீடு சுத்தம்னு போர்டு வச்சிருக்கார் உங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் அதோடு நிற்கவில்லை. கீழ்த்தளத்துக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள இரண்டு பெரிய விசிறிகள் இருந்தன. அவை போடும் சத்தம் நான்காவது மாடிவரை கேட்கும். டீசல் போனபின் புகை ஏது, புகை இல்லாதபோது விசிறி எதற்கு என்று அவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மூக்கக்கா முதன்முறையாக நான்கு மாடி ஏறினார். பல் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தது நான்தான் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியும்.

"டாக்டர், ஃபேனை நிறுத்தாதீங்க. பெட்ரோல் விடறதும் புகைதான்."

"பெட்ரோல்ல எங்கம்மா புகை? கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? பல்லுக்கு உள்ள இருக்கிற சொத்தையும்தான் கண்ணுக்குத் தெரியலை. படம் பிடிச்சுப் பார்த்துக் காசு வாங்கறீங்கல்ல?"

வாயில் திணித்த பஞ்சோடு நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த ஐந்து நிமிடம் அவர் என் கடைவாயில் காட்டிய வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விசிறிகள் அன்று மாலையே நின்றன.

டாக்டரின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மனைவியும் பல் டாக்டர். இருவருக்கும் ஒரே மருத்துவமனை, ஒரே வீடு. அம்மையார் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்பதும், இவர் வாயைத் திறக்க வாய்ப்பே வராது என்பதும் கட்டடம் அறிந்தது. அதனால் தினமும் இரண்டிலிருந்து மூன்று மணிவரை டாக்டர் கீழே இறங்கி, மூலையில் சுவரோரம் நிற்கும் தன் காரில் ஏறி, கதவைப் பூட்டி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்குவார். விசிறி ஓடிய காலத்தில் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை அடித்துப் பெய்தது. சரிவுப்பாதை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்ததால் மூக்கக்கா வாசல் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டார். டாக்டர் வழக்கம்போல் வந்து படுத்தார். இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரத்தில் மூக்கக்காவுக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. மழைக்குளிர் என்று நினைத்தார். கொஞ்சம் குமட்டியது. மூச்சை இழுத்துப் பார்த்தார். லேசான பெட்ரோல் வாசனை, தினமும் இருப்பதுதான். பயப்பட ஒன்றுமில்லை என்றது மூக்கு. தண்ணீர் குடிக்கலாமென்று எழுந்தபோது ஏழாம் எண் தூண் இரண்டாகத் தெரிந்தது. அப்போதுதான், அதுவரை காதில் விழுந்தும் மனதில் ஏறாத ஒரு சத்தம் ஏறியது. டாக்டரின் இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்ணாடியைத் தட்டினார். "டாக்டர்! டாக்டர்!" உள்ளே அவர் கன்னம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை போல நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். அசையவில்லை. தூணில் மாட்டியிருந்த தீயணைப்பான் உருளையை எடுத்து வந்து பின்கதவுக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். முன்பக்கத்தை உடைத்தால் சில்லு அவர் முகத்தில் தெறிக்கும் என்று யோசித்ததாகப் பிறகு சொன்னார். அந்த நிலைமையிலும் யோசிக்க முடிந்திருக்கிறது. கையை விட்டுக் கதவைத் திறந்து, சாவியைத் திருகி, தொண்ணூறு கிலோ மனிதரை அக்குளில் கை கொடுத்து இழுக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து, மழைக்காவது என் வண்டியை உள்ளே விடுவாரா என்று கெஞ்சிப்பார்க்க நான் வாசலில் வந்து நின்றேன். ஷட்டரைத் தட்டினேன். உள்ளிருந்து, "தூக்கு! தூக்குய்யா!" என்று ஒரு குரல். பதினோரு வருடத்தில் என்னை அவர் சார் என்று கூப்பிடாதது அந்த ஒருமுறைதான்.

ஷட்டரைத் தூக்கினேன். ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்து, கொட்டும் மழையில் சரிவுப்பாதையில் டாக்டரைக் கிடத்தினோம். யார் சொன்னார்களோ, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் மனைவி ஓடிவந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. கணவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மழை முகத்தில் விழாமல் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் ஊழியர், டாக்டருக்கு ஆக்சிஜன் வைத்தார். சுவரோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மூக்கக்காவையும் இழுத்து உட்காரவைத்து அவருக்கும் ஒன்றை மாட்டினார். "கார்பன் மோனாக்சைடு. பழைய பெட்ரோல் வண்டியில அதிகமா வரும். புது வண்டியில அதைக் குறைக்க புகைக்குழாய்லயே ஒண்ணு வச்சிருப்பாங்க; இதுல அது கிடையாது. மூடின இடம் வேற."

மூக்கக்கா மாஸ்க்கை நகர்த்தினார். "எனக்கு ஏன் வாசனை தெரியலை?"

"அதுக்கு வாசனை கிடையாதும்மா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்லை."

"நல்லா இழுத்துப் பார்த்தாகூடவா?"

அந்தப் பெண் மாஸ்க்கைத் திரும்ப அழுத்தி வைத்தார். மூக்கக்கா கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும், "ஷட்டரை இறக்கினது நான்தானே சார்" என்றார். தண்ணீர் வந்தால் இறக்கத்தானே வேண்டும் என்றேன். "மூக்கை நம்பி உக்காந்துட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. புகை பட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது; அங்கேதான் புகையே தெரியவில்லையே.

சாயங்காலம் மூக்கக்காவைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு அவர் கணவர் கிரீஸ் கையோடு வந்தார். பெட்ரோலை நார் நாராகக் கிழிக்க அதைவிட நல்ல நாள் அவருக்கு வாய்த்திருக்காது. டீசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, செவிலி வந்து நேரமாகிவிட்டது என்று விரட்டும்வரை அப்படியே இருந்தார்.

டாக்டர் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துக் கீழ்த்தளத்துக்கு வந்தவர், "உங்க குடும்பத்துக்கே ஆயுசுக்கும் பல் வைத்தியம் இலவசம்" என்றார். "முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு டாக்டர். ஃபேனைப் போடுங்க" என்றார் மூக்கக்கா. விசிறிகள் அன்றே சுழன்றன. தூண்களில் அந்த வாயுவின் அளவைக் காட்டும் இரண்டு எச்சரிக்கைக் கருவிகளும் வந்தன. அறிவிப்பை டாக்டர் தன் கையாலேயே கிழித்தார்.

நான் வெற்றிவீரனாக என் டீசல் வண்டியைச் சரிவில் இறக்கினேன். உள்ளங்கை குறுக்கே வந்தது.

"எங்க வர்றீங்க?"

"தடை எடுத்தாச்சே அக்கா. டீசல் நல்லதுன்னு ஆயிடுச்சே."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? அவர் வண்டி மூடின இடத்துல ஆளைச் சாய்க்கும். உங்க வண்டி திறந்த தெருவுலயே பிள்ளைங்களை இரும வைக்கும். ஆயா துணியைக் காட்டினாங்கல்ல? போய் அந்தச் சூளையைச் சரி பண்ணிட்டு வாங்க."

போனேன். ஒரு வாரம் பேருந்தில் வந்தேன். அவர் கணவர்தான் விடுமுறை நாளில் வண்டியைப் பிரித்து, பாகம் பாகமாகக் கழுவிச் சேர்த்துக் கொடுத்தார். இப்போது கறுப்புப் புகை வருவதில்லை. மூக்கக்கா குனிந்து முகர்ந்தார். "பரவாயில்லை. இன்னும் புகை விடுது, ஆனா கூச்சப்பட்டு விடுது." முகர்ந்து முடித்ததும் தூணிலிருக்கும் கருவி என்ன அளவு காட்டுகிறதென்றும் ஒருமுறை பார்க்கிறார். முன்பெல்லாம் அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இரண்டு மணிக்கு டாக்டர் இப்போதும் கீழே வருகிறார். மனைவியின் பேச்சு நான்கு நாளில் திரும்பிவிட்டது. கார்ச்சாவியை மூக்கக்காவின் கையில் கொடுத்துவிட வேண்டும், அது நிபந்தனை. நான்கு கதவுகளையும் விரியத் திறந்துவைத்து, செருப்பைக் கழற்றி, பின்சீட்டில் வியர்க்க வியர்க்கப் படுத்துக் காலை வெளியே நீட்டிவிடுகிறார். விசிறிகள் இரைகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கக்கா எழுந்து போகிறார். டாக்டரின் கால் கட்டைவிரலைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. உள்ளேயிருந்து, "ம்ம்..." என்று ஓர் எரிச்சலான முனகல் வருகிறது. "சரி, தூங்குங்க" என்று சொல்லி, கையைச் சீருடைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்காருகிறார்.