பாக்கலாமுங்க

என் கணவருக்கு ஈரலில் கட்டி என்று ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தழும்பு மங்குவதற்குள் ஸ்கேனில் மறுபடியும் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் சென்னைக்காரர். பொறுமையாகத்தான் சொன்னார். மறுபடி வெட்டினால், சுருங்கிப்போன ஈரலில் மிஞ்சுவது உயிரைத் தாங்காது. கட்டிக்குள் ஊசி விட்டுச் சூட்டில் கருக்குவதற்கும் வழியில்லை, கட்டி பெரிய இரத்தக் குழாயை ஒட்டியிருக்கிறது. ஈரலையே மாற்றிவிடலாம், ஆனால் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

என் இரத்த வகை சேரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிறவள். சேர்ந்தது ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கொழுந்தனாருக்குத்தான். ஈரலில் ஒரு பகுதி கொடுத்தால் போதும், திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டர் அவரிடம் விளக்கினார்.

"அண்ணனுக்குன்னா செய்யாம இருப்பனுங்களா? பாக்கலாமுங்க" என்றார் கொழுந்தனார்.

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. கொழுந்தனார் போனதும் நான் சொன்னேன்: "டாக்டர், எங்கூர்ல பாக்கலாமுங்கன்னா மாட்டேன்னு அர்த்தமுங்க."

"அப்படி நினைக்காதீங்கம்மா. யோசிக்க டைம் கேக்கறார்."

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் ஈரலுக்காவது பெயர் பதியலாம் என்று கணவரிடம் கெஞ்சினேன். "என்ர தம்பி இருக்கறப்ப ஊரான் ஈரல் எனக்கெதுக்கு?" என்று எரிந்து விழுந்தார். தேங்காய் வெட்டு முடியட்டும் என்றார் தம்பி. பிறகு கொடுமுடியில் ஏதோ சாங்கியம் என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. அடுத்த ஸ்கேனில் கட்டி இரத்தக் குழாய்க்குள் புகுந்திருந்தது. இனி மாற்றியும் பயனில்லை என்று டாக்டர் சொன்னபோது, கணவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் யாருக்கும் வரும். கொழுந்தனார் எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கும்பிட்டு அனுப்பிவிட்டு வேறு வழி தேடியிருப்போம். அந்தப் பாழாய்ப்போன மரியாதை அவரை மாட்டேன் என்று சொல்ல விடவில்லை.

போன மாதம் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு கொழுந்தனார் வந்தார். வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா, கொடுத்தேன்.

"அண்ணன் இருந்து செய்யோண்டியதுங்க. நீங்க கண்டிப்பா வந்துபோடோணும் அண்ணி."

"பாக்கலாமுங்க" என்றேன்.

அவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.