தண்ணீர் குடிக்காமல் போன ஸ்கேன்

எங்கள் ஊர்ப் பெண்கள் திருகோணமலைக்குப் போகும் நாளில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். லோஞ்சுப் படகு ஏறுகிற மூதூர் இறங்குதுறையில் நேவியின் சோதனை வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் ஒதுங்க அங்கே ஒரு மறைப்பும் கிடையாது. சண்டை எங்களுக்குப் பழக்கிவிட்ட விரதம் அது. நாசமாய்ப் போன விரதம்.

இரண்டாவது பிள்ளை என் வயிற்றில் எட்டு மாதம். மூத்தது ஒப்பரேசனில் பிறந்து அன்றே போய்விட்டது. அந்தத் தையல் போட்ட இடம் சில நாட்களாகச் சுள்ளென்று குத்தியது. கர்ப்பப்பை கிழியப் பார்க்கிறதோ என்று பயந்து, மருத்துவிச்சி ஸ்கேனுக்கு அனுப்பினாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எப்படிக் குடிப்பது? எங்கள் ஊர் கட்டைபறிச்சானிலிருந்து நானும் கணவரும் தொண்டை வறண்டுதான் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டொக்டர் கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினார். முகம் சுளித்தார்.

“தண்ணி குடிக்கேல்லையே? மூத்திரப்பை நிரம்பினால்தான் பழைய தையல் தெரியும். போய்க் குடிச்சுப்போட்டு வாங்கோ.”

“இறங்குதுறையிலை ஒருக்கா நிண்டு பாருங்கோ, தெரியும்” என்று நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளைக்காக அடக்கிக்கொண்டு, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து போத்தல் போத்தலாகக் குடித்தேன். வயிறு முட்டி எழும்பிய நேரம் கரண்ட் போய்விட்டது.

“கடைசி லோஞ்சு போயிடும். இன்னொரு நாளைக்கு வருவமே?” என்றார் கணவர். வீட்டில் மாடுகள் கட்டினபடி நின்றன.

“நீங்கள் போங்கோ. இதைப் பாக்காமல் நான் அசையமாட்டன்.”

அவர் போனார். என்னை வார்டில் படுக்க வைத்தார்கள். விடிந்தபோது குத்து கூடியிருந்தது. கரண்ட் வந்ததும் முதல் ஆளாக ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டொக்டர் என்னோடு கதைக்கவேயில்லை. “தையல் விட்டிட்டுது, ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோங்கோ!” என்று தாதியிடம் கத்தினார்.

கண் விழித்தபோது பிள்ளையும் இல்லை, கர்ப்பப்பையும் இல்லை. இரத்தம் நிற்கவில்லையாம், எடுத்தால்தான் என் உயிர் மிஞ்சும் என்று எடுத்தார்களாம். வாய்விட்டு அழக்கூடப் புதுத் தையல் விடவில்லை.

சண்டையால் இடையில் நின்றுபோன லோஞ்சு திரும்ப ஓடத் தொடங்கிய அன்று கணவர் வந்தார். பிள்ளை செத்ததை வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். மற்றதை ஒருவரும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

“அழாதை. எங்களுக்கென்ன வயசு போயிட்டுதே? அடுத்தது தங்கும்.”

எவருக்கும் வாய் காட்டுகிற நான், “ஓம்” என்றேன்.