மார்ச் மாதத்துக்கான சுற்று

தேவகிருபை அக்காவை நான் முதலில் பார்க்கவில்லை. அவருடைய சாப்பாட்டுப் பையைத்தான் பார்த்தேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக நான் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. கம்பெனி பஸ்ஸில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. வாணியம்பாடி பஸ்ஸில் ஏழாவது சீட்டில் ஆள் இல்லை. ஒரு துணிக்கடைக் கட்டைப்பை மட்டும் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடித்த சுடிதார்.

"அது தேவகிருபை சீட்டு சார்" என்றார் டிரைவர் ராமலிங்கம்.

"ஆள் எங்க?"

"ஆளு முன்னாடியே போய்ட்டாங்க."

வருகைப்பதிவு மெஷினில் பார்த்தேன். அவர் விரல் வைத்த நேரம் ஏழு ஐம்பத்தொன்று. பஸ் கேட்டுக்குள் நுழைந்ததோ எட்டு ஐந்துக்கு. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ராமலிங்கம்தான் விஷயத்தை உடைத்தார். அக்கா வாணியம்பாடியில் ஏறுவார். பஸ் மெயின் ரோட்டை விட்டு கிராமங்களுக்குள் திரும்பும் இடத்தில் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். பஸ் நாலு ஊர் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் ஆகும். சர்வீஸ் ரோட்டில் நேராக வந்தால் ஆறு கிலோமீட்டர். அதை அவர் ஓடியே வந்துவிடுவார்.

வழியில் ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி பொறுப்பாகும், கூப்பிட்டு எழுதி வாங்கு என்று மேனேஜர் சொன்னார். கூப்பிட்டேன். நாற்பத்தொரு வயது. மெஷின் தையல் பிரிவில் பதினாறு வருஷம். கழுத்தில் இன்னும் வேர்வை காயவில்லை.

"இன்னா தம்பி, மெமோவா?"

"எதுக்குக்கா ஓடி வர்றீங்க?"

"பஸ்ல காத்து வரல."

மறுநாள் கேட்டபோது சுகர் என்றார். மூன்றாம் நாள், "உனுக்கு சம்பளமே இதுக்குத்தான் குடுக்கறாங்களா?" என்றார். நான் விடவில்லை. அவருடைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கல்வி: ஒன்பதாம் வகுப்பு. மதிப்பெண் பட்டியலில் கணக்கில் தொண்ணூற்றொன்று.

எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் இன்றும் என்னைப் பெயர் சொல்லி அழைக்காமல் "டிகிரி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அதனாலோ என்னவோ, தொண்ணூற்றொன்று வாங்கியவர் ஏன் அதோடு நின்றார் என்பதைத் தாண்டி என் கண் நகரவில்லை.

"ஏன் நின்னுட்டேன்னு அப்ளிகேஷன்ல யாரும் கேக்கலியே" என்றார் அக்கா. பிறகு அவரே சொன்னார். "எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. தூக்கி உக்கார வைக்கணும், துணி மாத்தணும், கஞ்சி ஊத்தணும். ஸ்கூலு எங்க தெருக்கோடியிலதான். பெல் அடிச்சா வீட்டுக்குக் கேக்கும். கேட்டுக்கினே துணி அலசுவேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் ஓடியது அதற்காக இல்லை. அவர் தெருவில் அக்சா என்று ஒரு பெண். பத்தாம் வகுப்பு. அம்மா இல்லை. தோல் மண்டியில் மூட்டை தூக்கிய அப்பா ஜேக்கப் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருஷம். அக்சா காலையில் பள்ளிக்குப் போய், பதினொரு மணிக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஓடி வந்து, மத்தியானத்துக்கு மேல் போகாமலே இருந்துவிடுகிறாள். வருகைப்பதிவு குறைந்துகொண்டே போகிறது. பரீட்சை எழுத விடுவார்களா என்பதே சந்தேகம்.

வேலூரில் இருக்கும் ஓர் அமைப்பு இப்படி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக நவம்பர் கடைசி ஞாயிறன்று மாரத்தான் நடத்துகிறது. ஓடுகிறவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டலாம். அது அவர் சொல்லும் பிள்ளைக்குப் போகும். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையும் பக்கத்து ஊர் ரோடுகளும் சேர்த்து ஒரு சுற்று பத்தரை கிலோமீட்டர். மொத்தம் நான்கு சுற்று.

அதே தெருவில் ஷஹீன் பானு என்பவர் முன்பு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து, பிறகு விட்டுவிட்டவர். பகலில் ஜேக்கப்போடு இருக்க அவர் தயார். மாசச் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா இதைக் கேண்டீனில் சொன்னபோது நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். சூப்பர்வைசர் அமீர் பாஷா சிரித்தார்.

"நாலு சுத்தா? நீ கேண்டீனுக்கு நாலு தபா நடந்தாலே ஜாஸ்தி."

"பாய், தெனமும் உங்க பஸ்ஸுக்கு முன்னாடி வர்றவ நான்."

"சரி. நீ ஒரு சுத்து முடிச்சா, நம்ம லைன்ல நாப்பது பேரும் ஆளுக்கு ஒரு நாள் ஓவர்டைம் காசு குடுக்கறோம். அது ஷஹீனுக்கு ஒரு மாசம் வரும். ஆனா அரைச் சுத்துக்கெல்லாம் கெடையாது. ஒத்த ஷூவ எவன் வாங்குவான்?"

லைனே சிரித்தது. நாற்பது பேரும் கை தூக்கினார்கள். நான்கு சுற்று, நான்கு மாதம்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பரீட்சை மார்ச்சில். அக்கா விரலை மடக்கி, "கடைசி சுத்துதான் முக்கியம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் விடியலில் நாட்றம்பள்ளி வரை ஓடிப் போய்த் திரும்பி, பிறகு கோயிலுக்குப் போனார். காலில் சந்தையில் வாங்கிய கேன்வாஸ் ஷூ, பெருவிரலில் ஓட்டை. அது லைன் ஆட்களுக்குக் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. வெளிநாட்டுக்கே ஷூ அனுப்புகிற நாம், நம் ஆளை இப்படி ஓட விடுவதா?

மேனேஜரிடம் அனுமதி வாங்கி ஒரு ஜோடி செய்தார்கள். கழிவில் ஒதுக்கிய தோலில் வடு இல்லாத இடமாகப் பார்த்து வெட்டினார்கள். அதைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்து ஒட்டியவர் ஜெயசீலன். அந்த வாரம் ஓடிய ஆர்டர் ஆபீஸ் போகும் வெளிநாட்டுப் பெண்களுக்கான ஷூ. அந்த அச்சுதான் கையில் இருந்தது, அதிலேயே இழுத்தார். அமீர் பாஷா அதை டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை எண்ணினார், முனையை அழுத்தினார், விரலால் தேய்த்தார். "ஏ ஒன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

போட்டுக்கொண்டு பத்தடி ஓடிப் பார் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும்தான். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் ஷூ செய்கிற அந்த லைனில் எல்லாரும் வேலைக்கு வருவது ரப்பர் செருப்பில்.

நவம்பர் கடைசி ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. லைன் ஆட்கள் இருபது பேர் வேனில் வந்திருந்தோம். அக்சா வரவில்லை; அப்பாவை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. அன்றுதான் அந்த ஷூவை முதன்முதலாகப் போட்ட அக்கா, முதல் சுற்றைக் கையாட்டிக்கொண்டே முடித்தார். இரண்டாவதில் கையாட்டவில்லை. மூன்றாவதற்கு நாங்கள் நினைத்ததைவிட அரை மணி அதிகமாயிற்று. வந்ததும் ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் சாக்ஸ் சிவப்பாக ஒட்டியிருந்தது.

அமீர் பாஷா ஷூவை வாங்கி உள்ளே கைவிட்டுத் தடவினார். முகம் மாறிவிட்டது.

"இது ஓடற அச்சு இல்ல. ஆபீஸ்ல உக்கார்றதுக்கு" என்றார் மெதுவாக. பிறகு, "போதும்மா. மார்ச்சும் நாங்களே போட்டுக்கறோம்" என்றார்.

"நாப்பது பேரு ஓவர்டைம் காச நீங்க ஒருத்தர் எப்படி பாய் குடுப்பீங்க? பாதிப்பேரு இங்கயே இல்ல. முடிச்சாதான் எனக்குக் கேக்க வாயி இருக்கும். அந்தப் புள்ளைக்கு மார்ச்தான் வேணும்."

"யாராவது செருப்பு குடுங்க" என்று லைன் ஆட்களிடம் கேட்டேன். வந்தவை எல்லாம் அவர் காலில் நிற்காத செருப்புகள்.

அமீர் பாஷா ஜெயசீலனைப் பார்த்தார். "கத்தி வெச்சிருக்கியா?"

ஜெயசீலன் பாக்கெட்டில் எப்போதும் தோல் வெட்டும் சின்னக் கத்தி இருக்கும். அமீர் பாஷா கரையில் குந்தி உட்கார்ந்தார். ஒரு தையல் பிசகினாலும் ஜோடியைத் தூக்கி எறிகிற மனுஷன், தானே பாஸ் செய்த ஷூவின் குதியை அரைவட்டமாக அறுத்தார். சுண்டுவிரல் பக்கத்தை அறுத்தார். இன்னொன்றையும் அப்படியே. ஜெயசீலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போட்டுப் பாரு. நடந்து காட்டு" என்றார் அமீர் பாஷா. இந்த முறை கேட்டார்.

அக்கா பத்தடி நடந்தார். பிறகு கொஞ்சம் ஓடினார். "இன்னா பாய், டிசைன் நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்காவது சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பாதிக்கு மேல் நடைதான். அவர் வந்தபோது முடிவிடத்து வளைவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் அமீர் பாஷாவும் ஜெயசீலனும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அக்கா நடுவே வந்து நின்றார்.

"ஒரு போன் போடு தம்பி. மார்ச்சும் ஆச்சுன்னு சொல்லு."

போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அக்சா, "அப்பாவுக்குக் கஞ்சி குடுத்துனு இருக்கேண்ணா, கொஞ்சம் இருங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா டைபாய்டில் படுத்தபோது வேலையை விட்டு உட்கார்ந்தது என் அக்கா. நான் ஹால் டிக்கெட்டோடு பரீட்சைக்குப் போனேன். இதை நான் தேவகிருபை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்சா எல்லாப் பரீட்சையும் எழுதினாள்; இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஷஹீன் பானு பகலில் ஜேக்கப்போடு இருக்கிறார். இந்த வருஷத்துக்கும் லைன் ஆட்கள் கை தூக்கியிருக்கிறார்கள். தேவகிருபை அக்கா அதே தையல் மெஷினில் இருக்கிறார். குதிகாலில் தழும்பு இருக்கிறது. நான் மெமோ எழுதவில்லை, மேனேஜரும் மறந்துவிட்டார். வாணியம்பாடி பஸ்ஸில் ஏழாவது சீட்டில் இன்று காலையும் கட்டைப்பை மட்டும்தான் வந்தது.