ஜெயந்திக்கு ஓர் அறை

சோறாக்கவும் பஸ் ஏறவும் வாடகைக்கு அறை கேட்கவும் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மனநல கிளினிக்கில் வேலை. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களே, நாம் சொல்லிக்கொடுத்தது எத்தனை நாள் நிற்கும் என்று எல்லோரும் நம்மைத்தானே கேட்கிறார்கள்? ஜெயந்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

அடுப்பு

ஜெயந்திக்கு நாற்பது வயது. மாசாயில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கிளினிக்கின் மின்சார அடுப்பில் அழகாகச் சாம்பார் வைத்தாள். நானும் பூரித்துப்போய் வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாளே கிளினிக்குக்குப் போன்.

"டீச்சர், எங்க வீட்டு அடுப்புல நெருப்பு வருது லா! நீங்க காட்டினதுல வரலையே?"

துணி

முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லவும் பழக்கினோம். அதுவரை வீட்டுத் துணி முழுவதும் அவள் தலையில்தான். ஒருநாள் அண்ணியிடம், "என் துணிய நான் துவைச்சிக்கிறேன் அண்ணி, உங்க துணிய நீங்க பாத்துக்குங்க" என்றிருக்கிறாள். அண்ணன் கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

"அலமாக், நல்லா ஆகட்டும்னுதான் டீச்சர் அனுப்பினோம். இப்படிப் பேசறத நிறுத்த ஏதும் மாத்திரை இருக்கா?"

அறை

பயிற்சி முடிந்து சில வருடங்களாகிவிட்டன. ஜெயந்திக்கு இப்போது உலு திராமில் பிஸ்கட் கம்பெனியில் வேலை. அண்ணன் வீட்டில் தினமும் சண்டை. தனியாக ஓர் அறை கிடைத்தால் போதும் என்றிருந்தாள். என் வீடும் உலு திராமில்தான். போன மாதம் எங்கள் மாடி அறை காலியானதும், பக்கத்துக் கடையில் என் நம்பரைப் போட்டு நோட்டீஸ் ஒட்டினேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது, ஜெயந்தியின் குரல். பழக்கிய வரிசை மாறாமல் பெயர், வேலை, சம்பளம் எல்லாம் சொன்னாள். "மனநல சிகிச்சையில இருக்கேங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறேன்" என்பதையும் மறைக்கவில்லை. இவளைப் போன்றவர்களுக்காக எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் கெஞ்சியவள் நான். இப்போது அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற நினைப்புத்தான் வந்தது. யாரென்று காட்டிக்கொள்ளாமல், "ஆள் வந்துட்டாங்கம்மா" என்றேன். "பரவாயில்லைங்க, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டாள்.

நேற்று மருந்து வாங்க வந்தவள் என் மேசைக்கு வந்தாள். இன்னும் அண்ணன் வீட்டில்தானாம்.

"உங்க குரல்தான்னு தெரியும் டீச்சர். நீங்க பழக்கின மாதிரி கோவப்படாம நன்றி சொல்லிட்டுத்தானே வச்சேன், சரியா செஞ்சேனா?"

பயிற்சியின் பலன் நிற்கிறதா என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம், நன்றாகவே நிற்கிறது, அவள் முன்னால் நிற்கத்தான் எனக்கு முகமில்லை.