சொல்தாவின் நெருப்பு வளையம்

வெல்டிங் பட்டறை வைத்தால் முதலில் கெடுவது கண் என்பார்கள். எனக்கு முதலில் கெட்டது பொறுமை. நீங்களும் ஒரு பட்டறையோ தையல் கடையோ வைத்திருந்தால், "பொருள் நான் தரேன், நீ செஞ்சி மட்டும் குடு" என்று வருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். போன மார்கழியில் தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் பட்டறைக்குத் தேடி வந்தவர், சாரம் பகுதியில் குடியிருக்கும் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

பளபளக்கும் தகடு

சொல்தாவுக்குக் குளிர்காய இரும்பில் ஒரு நெருப்பு வளையம் வேண்டும். மொட்டை மாடியில் வைத்து விறகு எரிக்க வேண்டும், வேண்டாதபோது கழற்றி கார் டிக்கியில் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். "அக்கா பிரான்சுலேர்ந்து வராங்க மேஸ்திரி. இழுப்பு உண்டு. பனியில வெறுமனே உக்கார முடியாது, நெருப்பு வேணும்" என்றார். இழுப்பு என்றதும் என் கை நின்றுவிட்டது. என் மனைவி அப்படி மூச்சுக்குத் திணறித்தான் போனாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அவர் கொண்டுவந்திருந்தது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. கூரைக்கு நல்லது. நெருப்பில் காய்ந்தால் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அது நெஞ்சுக்கு விஷம். இதையெல்லாம் விளக்க எனக்கு வாய் வராது. "ஆகாது சார், புகை வரும்" என்றேன். அவர் சிரித்தார்.

"புகை வராத நெருப்பு எந்த ஊர்ல இருக்கு மேஸ்திரி?"

வாசனை டிரம்

இரண்டு நாள் கழித்து ஆட்டோவில் ஒரு பழைய இரும்பு டிரம் வந்து இறங்கியது. ஏதோ கம்பெனி கழித்துப் போட்டது. உள்ளே என்ன இருந்தது என்று சொல்லும் லேபிளைக் கிழித்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும் ஒரு இனிப்பு வாசனை. இப்படிப்பட்ட டிரம்மில் கட்டிங் டார்ச்சை வைத்தால், வெடித்து முதலில் போவது நான். மிச்சம் ஒட்டியிருப்பது தீயில் எரிந்தால் அடுத்து அந்த அக்கா. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. பேசாமல் டிரம்மை உருட்டிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே விட்டேன்.

சொல்தா பின்னாலேயே வந்தார். "இன்னாத்துக்கு மேஸ்திரி தள்ளி வுடறே? நல்லா சென்ட் மாதிரிதானே இருக்கு, அக்காவுக்குப் புடிக்கும்!"

வாஷிங் மெஷின்

மூன்றாவதாக அவர் கொண்டுவந்ததைப் பார்த்து, மனுஷன் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் எவர்சில்வர் தொட்டி. பூச்சு கிடையாது, சுற்றிலும் காற்றுக்கு ஓட்டை, தூக்கவும் லேசு. விளிம்பில் இருந்த பிளாஸ்டிக் வளையத்தை நெம்பி எடுத்துவிட்டு, கால் வைக்க அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சொல்தாவின் மனைவி.

காலையில் அந்த அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினைச் சொல்தா கழற்றியிருக்கிறார். ஈரத் துணியெல்லாம் குளியலறைத் தரையில் கிடக்கிறதாம். அந்த அம்மா புருஷனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"வெட்டுங்க மேஸ்திரி, தாராளமா வெட்டுங்க. நாளையிலேர்ந்து அவர் லுங்கியை நீங்கதான் தொவைக்கணும்."

கறுப்புத் தகடு

இனி அவர் பொருள் எதுவும் வேண்டாம் என்று நானே கடைக்குப் போனேன். எந்தப் பூச்சும் இல்லாத கறுப்புத் தகடு, மூன்று மில்லி கனம். அதைவிட மெலிந்தால் நாலு நெருப்பில் நெளிந்துவிடும், கனத்தால் அவரால் மாடிக்குத் தூக்க முடியாது. மூன்று துண்டாக வளைத்து, கோத்துக் கழற்ற கம்பி ஆணி வைத்தேன். அடியில் காற்றுக்கு ஓட்டைகள். மாடி ஓடு சூட்டில் வெடிக்காமல் இருக்க உயரமான கால்களில் ஒரு தட்டு. தகட்டில் இருக்கும் எண்ணெய் போகட்டும் என்று பட்டறையிலேயே ஒருமுறை விறகு போட்டு எரித்தும் கொடுத்தேன். துருப் பிடிக்கும். பிடிக்கட்டும், துரு யார் மூச்சையும் அடைக்காது.

சொல்தா வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகம் தொங்கிப்போனது.

"இவ்ளோ நாள் காக்க வச்சி, கடைசில தோசைக்கல்லு மாதிரி பண்ணி வச்சிருக்கியே!"

சில்வர் பெயிண்ட்

அவர் எடுத்துப்போன பிறகுதான் ஒரு கம்பி ஆணி பட்டறையிலேயே கிடந்ததைப் பார்த்தேன். அக்கா வந்திருந்த அன்று சாயங்காலம் அதைக் கொடுக்க சாரத்துக்குப் போனேன். மாடி ஏறினால், ஆணிக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்கிய என் வளையம் வெள்ளி மாதிரி மின்னுகிறது. நம் ஊரில் கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு என்று இரும்பு எதுவானாலும் பொங்கலுக்கு முன்னால் ஒரு கை சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவார்களே, அந்தப் பழக்கம். இரண்டு கை அடித்திருந்தார். உள்ளே சவுக்கு விறகு, மேலே கற்பூரம். ஒரு முழம் தள்ளி, கம்பளித் தொப்பியோடு நாற்காலியில் அக்கா. அவர் மூச்சு இழுப்பது படியில் வரும்போதே எனக்குக் கேட்டிருந்தது. சொல்தா தீக்குச்சியை உரசிவிட்டார்.

"அணைய்யா அதை!" என்று கத்தினேன். சார் என்கிற மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. விறகைக் காலால் உதைத்துத் தள்ளினேன். பெயிண்ட் எரிந்தால் என்ன வரும், துத்தநாகம் என்ன செய்யும், அந்த டிரம்மில் என்ன இருந்திருக்கலாம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "மூச்சு கெடைக்காம ஒரு பொம்பள எப்படிப் போவான்னு நான் பக்கத்துல உக்காந்து பாத்தவன்யா!" என்றேன். தீக்குச்சி சொல்தாவின் விரலைச் சுட்ட பிறகுதான் அவர் கீழே போட்டார்.

அக்காதான் மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவன் சின்ன வயசுலேர்ந்தே அதட்டினாதான் கேப்பான் தம்பி. மொத நாளே கத்தியிருக்கலாமில்ல?"

வளையத்தை அன்றைக்கே தூக்கி வந்து பட்டறை வெளியில் காற்று வாக்கு பார்த்து எரித்து, கம்பி பிரஷ் போட்டு மறுபடியும் தோசைக்கல் ஆக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து இந்தத் தொழிலில் என் கோபம் ஒன்றும் குறையவில்லை, சத்தம்தான் கூடியிருக்கிறது.